கோயமுத்தூரில் ‘எங்க ஊரு’ என்றால் எந்த ஊர்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று வருடமாகச் சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். ஆபீசில் கூட வேலை செய்கிற கோயமுத்தூர்க்காரர்கள் ‘நாங்க பீளமேடு’, ‘நாங்க செல்வபுரம்’ என்று ஏதோ தனித்தனி நாடு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் எல்லா இடத்திலும் அதே பேக்கரி, அதே மெடிக்கல், அதே அபார்ட்மெண்ட். ஏரியாவுக்கு ஏரியா குணம் நிஜமாகவே மாறுகிறதா, வெறும் பேச்சா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் ‘எனக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியலையோ’ என்று போட்டிருந்தீர்களே, அசல் கேள்வி அதுதான் என்று எனக்குப் பட்டது.

நான் வரலாற்று ஆசிரியர் கிடையாது. முப்பது வருடத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறவன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர் என்று ஆரம்பித்து இப்போது கம்ப்யூட்டரில் வந்து நிற்கிறேன். நகரத்தின் நாலு பக்கத்து மூலப்பத்திரங்களும் கைக்கு வந்து போயிருக்கின்றன. பிறந்தது சிங்காநல்லூர், அப்பா மில் தொழிலாளி. என் பார்வையில் ஒரு குறையும் உண்டு: என் மேசைக்கு வருகிறவர்கள் சொத்து வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும்தான். உங்களைப் போல வாடகைக்கு இருக்கிறவர்கள் அதிகம் வர மாட்டார்கள், அவர்களுடைய கோயமுத்தூரை நான் காதால் கேட்டதோடு சரி. சிங்காநல்லூர்ப் பாசமும் நடுநடுவே எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குணம் மாறுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘ஏரியா’ என்று தேடினால் அகப்படாது. இங்கே ஒருவர் பெருமைப்படுவது தன் ஊரை நினைத்து. பீளமேடு, கணபதி, சிங்காநல்லூர், சௌரிபாளையம், தெலுங்குபாளையம், ஒண்டிப்புதூர் எல்லாம் நகரம் விழுங்குவதற்கு முன்னால் தனித்தனி ஊர்கள். பத்திரத்தில் இது பளிச்சென்று தெரியும். ஏதோ ஒரு ‘கார்டன்’, ‘என்க்ளேவ்’ என்று விளம்பரம் பார்த்து வாங்குகிற மனைக்கும், மாவட்டம், தாலுகா என்று எழுதி அடுத்ததாக நான் எழுதுவது பழைய கிராமத்தின் பெயரைத்தான். ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய மூலப்பத்திரத்தில் சக்குபந்தி, அதாவது நான்கு எல்லை, படித்தால் வடக்கே இட்டேரி (இரண்டு வேலிக்கு நடுவே போகிற தடம்), கிழக்கே வாய்க்கால், ‘கிணற்றில் நாலில் ஒரு பங்கும் மாமூல் வண்டித்தடப் பாத்தியமும்’ என்று இருக்கும். இப்போது அதே இடத்தில் பல் ஆஸ்பத்திரியும் செல்போன் கடையும் நிற்கும். அந்தத் தோட்டங்களுக்கு நடுவில் வீடுகள் கூடியிருந்த இடத்தை வருவாய்த்துறை ‘நத்தம்’ என்று குறிக்கும். நத்தம்தான் ஊர். இன்றைக்கும் இந்தப் பகுதிகளில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் தெரு திடீரென்று குறுகும், வளையும். ஓட்டு வீடும் திண்ணையும் தென்படும். ஒரு மாரியம்மனோ மாகாளியம்மனோ உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் அரசமரத்தடியில் பிள்ளையார் இருப்பார். அங்கே போகாமல் நூறடி ரோட்டில் நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். (பேக்கரியை மட்டும் குறை சொல்லாதீர்கள். மற்ற ஊர்களில் டீக்கடை பெஞ்சு செய்கிற வேலையை இங்கே பேக்கரிதான் செய்கிறது.)

இந்த ஊர்கள் கரையாமல் நின்றதற்குக் காரணம் கோயமுத்தூர் வளர்ந்த விதம். கோனியம்மன் கோயில், டவுன்ஹால், ஒப்பணக்கார வீதி என்று ஒரு பழைய டவுன் உண்டு, 1866-இல் நகராட்சி ஆனது அதுதான். ஆனால் வேலை அந்த டவுனுக்குள்ளேயே குவிந்துவிடவில்லை. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற வெள்ளைக்காரர் தொடங்கியதுதான் இங்கே முதல் நூற்பாலை. 1910-இல் பாப்பநாயக்கன்பாளையத்தில் லட்சுமி மில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் கிடைத்தவுடன் ஆலைகள் வரிசையாக எழும்பின. பல ஆலைகள் எழும்பியது டவுனுக்கு வெளியே இருந்த பாளையங்களிலும் புதூர்களிலும்தான். பீளமேட்டில் ராதாகிருஷ்ணா, ரங்கவிலாஸ், புலியகுளத்துப் பக்கம் பங்கஜா, ஒண்டிப்புதூரில் கம்போடியா, சிங்காநல்லூரில் வசந்தா. வேலை ஊருக்குள்ளேயே வந்தது, பின்னாலேயே படிப்பும் வந்தது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பம் 1926-இல் தொடங்கிய அறக்கட்டளை, 1951-இல் தொழில்நுட்பக் கல்லூரி வரைக்கும் கொண்டு போய்விட்டது. அப்படிப்பட்ட ஊர்க்காரருக்கு டவுனை அண்டிப் பிழைக்க வேண்டிய அவசியம் என்ன? சிங்காநல்லூர் தனி நகராட்சியாக இருந்து, 1981-இல் கோயமுத்தூர் மாநகராட்சி ஆனபோதுதான் அதோடு சேர்ந்தது. வடவள்ளி, துடியலூர், குறிச்சி, குனியமுத்தூர், உங்கள் சரவணம்பட்டி எல்லாம் சேர்ந்தது 2011-இல். என் அம்மா கடைசிவரைக்கும் ஒப்பணக்கார வீதிக்குத் துணி எடுக்கப் போவதென்றால் ‘டவுனுக்குப் போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்வார். மாநகராட்சிக்கு வீட்டு வரி கட்டிய ரசீது அவர் பெயரில்தான் இருந்தது.

மில் ஊர்களின் குணம் என்ன என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சங்கு, அதாவது ஷிப்டுக்கு மில்லில் ஊதுகிற சைரன். சோறு வடிப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புவது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது எல்லாமே ஷிப்ட் சங்கை வைத்துத்தான். எந்த மில் சங்கு என்று சத்தத்தைக் கேட்டே பாட்டி சொல்லிவிடுவார். அப்பா தூக்குப்போசியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் அதே மாதிரி சேர்ந்துகொள்வார்கள். தீபாவளிக்கு முன்னால் எந்த மில்லில் போனஸ் எத்தனை சதவீதம் என்பதுதான் ஊர்ப் பேச்சு. ஒரே மில், ஒரே ஷிப்ட், ஒரே சங்கம் என்று இருந்த தெருக்காரர்கள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சின்னியம்பாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவினாசி ரோட்டில் காரில் போகிறவருக்கு அது விமான நிலையத்தைத் தாண்டி வருகிற ஒரு ஸ்டாப். அந்த ஊர்க்காரருக்கு, 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட நான்கு மில் தொழிலாளர்களின் ஊர். வருடா வருடம் அந்தத் தேதியில் அங்கே செங்கொடி ஏறுகிறது. இப்போது ஆலைகளில் பெரும்பாலானவை ஓய்ந்துவிட்டன. தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 பொதுமுடக்கத்தில் நின்றவை. லட்சுமி மில் வளாகத்தின் ஒரு பகுதியில் கடைகளும் ஹோட்டல்களும் வந்துவிட்டன. ஆனாலும் கண்டக்டர் ‘லட்சுமி மில்லு இறங்குங்க’ என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்.

அடுத்தது நோம்பி. கொங்கில் திருவிழாவுக்கு அதுதான் பேர். பூச்சாட்டு (விழாவைச் சாட்டுவது, அதாவது தொடங்குவதாக அறிவிப்பது), கம்பம் நடுவது, பூவோடு (நெருப்புச் சட்டி எடுப்பது), மாவிளக்கு, கடைசியில் மஞ்சள் நீராட்டு என்று ஊருக்கு ஊர் நடக்கும். ரோட்டில் பந்தல் போட்டு வண்டியைத் திருப்பிவிட்டபோது நீங்களும் மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். அதில் நீங்கள் கவனிக்க வேண்டியது பணம் வசூலிக்கிற முறையை. ஊர்க்காரர் வீட்டுக்கு வரும்போது வருகிறவர் கையில் ஒரு நோட்டு இருக்கும். அதில் தலைக்கட்டு வாரியாகப் பெயர் இருக்கும், கல்யாணமாகித் தனிக் குடும்பமானால் ஒரு தலைக்கட்டு. கோடீஸ்வரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே தொகை, அதன் பெயர் வரி. வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர் வீட்டுக்கும் போவார்கள், அப்போது கையில் ரசீதுப் புத்தகம் இருக்கும். அதன் பெயர் நன்கொடை. நீங்கள் ஐயாயிரம் கொடுத்தாலும் அது நன்கொடை, ஊர்க்காரர் ஐந்நூறு கொடுத்தாலும் அது வரி. வரி கட்டுகிறவருக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்க உரிமை. ஒருவருக்கு எது ஊர் என்று தெரிய வேண்டுமானால் ஆதார் அட்டையை விட இந்த நோட்டைத்தான் நான் நம்புவேன்.

பூர்வீக வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ‘ஊட்டைத்தானுங்க குடுத்தேன், வரிய உடலைங்க’ என்று சொன்னவர்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெங்களூருக்கு வேலைக்குப் போன பையன்கள் ஜிபேயில் வரி அனுப்புகிறார்கள். உங்கள் ஆபீசில் ‘நாங்க பீளமேடு’ என்கிறவர்களிலேயே பாதிப் பேர் இப்போது பீளமேட்டில் குடியிருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுவேன். காளப்பட்டியிலோ வடவள்ளியிலோ பிளாட் வாங்கிப் போயிருப்பார்கள். நோம்பி சாட்டினால் மட்டும் பீளமேட்டுக்கு வந்துவிடுவார்கள். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கிற உங்களுக்கு அந்தப் பெருமைக்கு ஆதாரமே தென்படவில்லை. அது வருடத்தில் ஒரு வாரம் தெருவுக்கு வரும், மற்ற நாளெல்லாம் நோட்டுக்குள் இருக்கும்.

நகரம் முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நத்தமே இல்லாத பகுதிகளும் நிறைய உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் திரும்பத் திரும்பக் கோயமுத்தூரைப் பிடித்து ஆட்டியது. அந்த ஞாபகம் கோயிலாக நிற்கிறது: நகரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் உண்டு. 2021-இல் இருகூர்ப் பக்கத்தில் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவியைப் பிரதிஷ்டை செய்தபோது நாடே சிரித்தது, எங்களுக்கு அது புதிதாகவே தோன்றவில்லை. டவுன் நெரிசலை விட்டு மேற்கே தள்ளி, நேர்நேராகத் தெரு போட்டு எழுப்பிய ஆர்.எஸ்.புரத்துக்கும் பிளேக் பயம் ஒரு காரணம் என்பார்கள். நகராட்சித் தலைவராக இருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயர்தான் ஆர்.எஸ்.புரம், டி.பி. ரோட்டில் இருப்பது அவருடைய திவான் பகதூர் பட்டம். இந்த மாதிரி இடத்துக்காரருக்கு அம்மன் பெருமை கிடையாது, தெருப் பெருமை உண்டு. ஆர்.எஸ்.புரத்துக்காரரிடம் வீடு எங்கே என்றால் ‘டி.வி.சாமி ரோடு’, ‘லாலி ரோடு’ என்று ரோட்டுப் பெயரை அழுத்திச் சொல்வார். காந்திபுரத்துக்காரரும் டாடாபாத்துக்காரரும் வீதி நம்பரைச் சொல்வார்கள். ரேஸ்கோர்ஸில் குதிரை ஓடின இடத்தில் இப்போது பெரிய மனிதர்கள் காலையில் கைவீசி நடக்கிறார்கள். சாயிபாபா காலனிக்கு அங்கே 1939-இல் எழுந்த சாயிபாபா கோயிலே பெயரைக் கொடுத்துவிட்டது. இங்கெல்லாம் வரி நோட்டு கிடையாது, அதனால் வெளியூர்க்காரருக்கு ஒட்டிக்கொள்ள எளிது. பணம் இருந்தால் இன்னும் எளிது.

தண்ணியைச் சொல்லாமல் விட்டால் எனக்கு வீட்டில் சோறு கிடைக்காது. மனைவி செல்வபுரம், அதாவது சிறுவாணி அணைத் தண்ணி குடித்து வளர்ந்த சிறுவாணிக்காரர். கல்யாணமாகி வந்த முதல் நாள் எங்கள் வீட்டுத் தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பல வருடம், அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது கேனில் தண்ணி வந்தது. சிறுவாணியை நகருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வலியுறுத்தியவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. அது குழாயில் வந்து சேர்ந்தது 1930-ஐ ஒட்டி, அதே ரத்தினசபாபதி முதலியார் முயற்சியில். அணை இருப்பது கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில், அதனால் வருடா வருடம் கோடையில் அணை மட்டம் எத்தனை அடி என்று பேப்பரில் பார்ப்பது இங்கே ஒரு பழக்கம். நகரம் பெருத்தபோது சிறுவாணி போதவில்லை, பவானி ஆற்றிலிருந்து பில்லூர் திட்டம் வந்தது. மோட்டாவாகச் சொன்னால் மேற்குப் பக்கத்துக்குச் சிறுவாணி, கிழக்குக்கும் வடக்குக்கும் பில்லூர். வீடு வாடகைக்கு விடுகிறவர் ‘சிறுவாணித் தண்ணி உண்டு’ என்று சொல்லி வாடகையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறார், என் மேசையில் மனை விலை பேசும்போதும் அந்த வார்த்தைக்கு மதிப்பு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ‘உலகத்திலேயே ரெண்டாவது ருசியான தண்ணி’ என்று சொல்வார்களே, அதை நம்பிக்கொண்டிருக்காதீர்கள். முதலாவது எது, யார் குடித்துப் பார்த்து மார்க் போட்டார்கள் என்று கேட்டால் இதுவரைக்கும் ஒருவரும் பதில் சொன்னதில்லை. தண்ணி ருசியானது என்பதை மட்டும் மருமகனாக ஒப்புக்கொள்கிறேன்.

தொழிலாலும் குணம் மாறும். செல்வபுரம், தெலுங்குபாளையம் பக்கம் தங்கப் பட்டறைகள். உட்கார்ந்து செய்கிற வேலை, மெதுவான பேச்சு, வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியில் சொல்லாத பழக்கம். பட்டறைக் குப்பைக்கும் விலை உண்டு, அதைக் கூட்டி அள்ளிக் கழுவித் தங்கம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் நேர்மாறு. லேத்து, பவுண்டரி, பம்ப், கிரைண்டர். 1955-இல் சபாபதி மாவரைக்கும் இயந்திரத்தை உருவாக்கிய நகரம் இது, கோயமுத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. கணபதிக்காரர் ஒருவர் என்னிடம் ஒரு முறை, ‘எந்த மிசின்ல எந்தப் பார்ட் ஒடஞ்சாலும் கொண்டாங்க, பொழுது எறங்கறதுக்குள்ள கடஞ்சு குடுத்தர்றோம்’ என்றார். பெருமையாகத்தான் சொன்னார், ஆனால் என் டைப்ரைட்டர் பாகம் ஒன்றை நிஜமாகவே சாயந்தரத்துக்குள் கடைந்து கொடுத்துவிட்டார். போத்தனூர்க்காரர் ரயில் பெருமை பேசுவார், அதில் பொய்யில்லை: மெட்ராஸ் பக்கமிருந்து மேற்குக் கரைக்குப் போன ரயில் 1860-களிலேயே போத்தனூர் வழியாகப் போனது. கோயமுத்தூர் வழியாக மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டது 1873-இல்தான். டவுன்காரர்கள் வெரைட்டி ஹால் ரோட்டைக் காட்டுவார்கள். சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய சினிமா கொட்டகையின் பெயர் அது, கொட்டகை போனாலும் ரோட்டில் பெயர் நிற்கிறது.

இனி, நான் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியவை. ஊர்ப் பெயர்க் கதைகள் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கோவன் என்ற தலைவன் காட்டைத் திருத்தி அமைத்த புத்தூர், அதனால் கோவன்புத்தூர் என்பது எல்லாரும் சொல்கிற கதை. சொல்லப் பொருத்தமாக இருக்கிறது, அதற்கு மேல் நான் சத்தியம் செய்ய மாட்டேன். பூளைச்செடி நிறைய இருந்த மேடு பூளைமேடாகிப் பீளமேடு ஆனது என்பதும் அப்படித்தான். ஆனால் எனக்கு அந்தக் கதை பிடிக்கும். பொங்கலுக்கு முன்னால் கொங்கில் காப்புக் கட்டும்போது பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துத்தான் கட்டுவோம். பீளமேடும் ஆவாரம்பாளையமும் பக்கத்துப் பக்கத்து ஊர். உறுதியாகச் சொல்லக்கூடிய பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது: பாப்பநாயக்கன்பாளையம் என்று ஒன்று, பாப்பநாயக்கன்புதூர் என்று ஒன்று, ரெண்டையும் பி.என். பாளையம், பி.என். புதூர் என்று சுருக்கிவிட்டார்கள். உப்பிலிபாளையம் அவினாசி ரோட்டில் ஒன்று, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒன்று. தப்பான உப்பிலிபாளையத்தில் போய் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்த சாட்சிக்காரர்களை வைத்து ஒரு பஸ்ஸை நிரப்பலாம்.

பெருமையைப் பற்றிக் கேட்டீர்கள், அதன் மறுபக்கத்தையும் சொன்னால்தான் பதில் முடியும். கோட்டைமேட்டுக்காரரைக் கேளுங்கள். மைசூர்ப் போர்க்காலத்தில் இடிபட்ட கோட்டையின் இடம் அது. சங்கமேஸ்வரர் கோயிலும் பள்ளிவாசல்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற, இந்த நகரத்திலேயே பழைய குடியிருப்புகளில் ஒன்று. பெருமைப்பட எல்லாம் இருக்கிறது. ஆனால் 1997 கடைசியில் நடந்த கலவரமும், 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி 58 பேரைக் கொன்ற தொடர் குண்டுவெடிப்பும் அந்தப் பெயரின் மேல் ஒட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு பல வருடம், முகவரி கேட்டால் அங்கிருந்து வந்த பையன்கள் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு ‘டவுன்ஹால் பக்கம்’ என்று சொன்னதை என் மேசையிலேயே கேட்டிருக்கிறேன். சாதியும் அப்படியே. பாளையங்களின் பெயரிலேயே சாதி இருக்கிறது. பழைய பத்திரத்தின் எல்லைகளைப் படித்தால் யார் நடுவில் இருந்தார்கள், யாரை ஓரத்தில் வைத்திருந்தார்கள் என்று தெரிந்துவிடும். எல்லா ஊரிலும் எல்லாத் தலைக்கட்டும் ஒரே நோட்டில் இருந்ததில்லை, சில ஊர்களில் இன்றும் இல்லை. குளத்தோரத்தில் இருந்தவர்களை எடுத்துக் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி என்று தள்ளி அடுக்குமாடிகளில் வைத்தார்களே, அவர்களும் பழைய இடத்து அம்மனுக்கு நோம்பி சாட்டினால் பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். வேரைப் பற்றிப் பேசும்போது நாங்கள் அவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

கடைசியாக உங்கள் விஷயம். எங்கள் வீட்டு மாடியில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பதினான்கு வருடம் இருந்தது. முதலில் வருடா வருடம் நன்கொடை ரசீதுதான். அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பெண்களோடு சேர்ந்து மாவிளக்கு எடுக்க ஆரம்பித்தார், பையன் பூவோட்டுக்கு முன்னால் தப்பட்டைக்கு ஆட ஆரம்பித்தான். பதினோராவது வருடம் வசூலுக்கு வந்தவர் ரசீதுப் புத்தகத்தை எடுக்காமல் நோட்டைப் புரட்டினார். யார் கூட்டத்தில் சொன்னார்கள், யார் எழுதினார்கள் என்று எனக்கே தெரியாது. பதினோரு வருடம் ஆகிறதே என்று பயப்படாதீர்கள், சிங்காநல்லூர்க்காரர்கள் கொஞ்சம் கெட்டி. உங்கள் சரவணம்பட்டியும் சும்மா ஐ.டி. கம்பெனிகள் முளைத்த பொட்டல் கிடையாது. பெரியவர்கள் சிரவணம்பட்டி என்பார்கள், சுருக்கி சிரவை. பக்கத்தில் சின்னவேடம்பட்டியில் கௌமார மடாலயம் இருக்கிறதே, சிரவை ஆதீனம், அதன் பெயரில் இருப்பது உங்கள் ஊர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டுத் தெரு குறுகுகிற இடம் வரைக்கும் உள்ளே நடந்து பாருங்கள். கோயில் சுவரில் உபயதாரர் பெயர்ப் பலகை இருக்கும், அதைப் படிக்கிற சாக்கில் பத்து நிமிடம் நின்றாலே போதும், ஏதாவது ஒரு திண்ணையிலிருந்து ‘நீங்க யாரு ஊட்டுக்குங்க வந்தீங்க?’ என்று கேட்பார்கள். வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரர் பெயரைச் சொல்லுங்கள், அப்புறம் பேச்சு தானாக நடக்கும்.